டவுன் ஹாலில் அடித்த மணியும் திறக்காத கார் கதவும்

ஹவுரா ஸ்டேஷன் வாசலில், விடியாத காலையில், தூறலில், அலறிக்கொண்டிருக்கும் காருக்குப் பக்கத்தில் அசட்டுச் சிரிப்போடு நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. போன மாதம் கிடைத்தது.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திறங்கிய நாள் அது. சென்னை மெயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் படுத்தும் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் இரண்டு பை, ஒரு கூடை. கூடைக்குள் வடாம், நார்த்தங்காய் ஊறுகாய், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை. காரை நெருங்கி ரிமோட்டை அமுக்கினேன். சத்தமே இல்லை. இன்னும் கிட்டப் போய் அமுக்கினேன். ஊஹூம். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து அமுக்கிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை.

சரி, ரிமோட்டில் மடங்கிக் கிடக்கும் சாவி எதற்கு இருக்கிறது என்று அதை நீட்டிக் கதவைத் திறந்தேன். ரிமோட்டால் பூட்டிய காரைச் சாவியால் திறந்தால் அது நம்மைத் திருடன் என்றுதானே நினைக்கும்? நினைத்தது. ஊரைக் கூட்டியது. டாக்ஸிக்காரர்கள் திரும்பிப் பார்க்க, போலீஸ்காரர் ஒருவர் மெதுவாக எங்களை நோக்கி வர, அம்மா கேட்டார்:

"ஏண்டா தம்பி, வண்டி உன்னோடதுதானே?"

உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்பியதும் அலறல் அடங்கியது. என் கோபம் அடங்கவில்லை. காரணம், நான்கு நாள் முன்னால்தான் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வாட்ச் கடையில் ரிமோட்டுக்குப் புது செல் போட்டிருந்தேன். அன்றைக்கே கடைப் பையன்மேல் சந்தேகம். இருபது வயது இருக்கும். "புதுசுதான் தாதா" என்று கவரைக் கிழித்துக் காட்டித்தான் போட்டான். இருந்தாலும் ரிமோட் வேலை செய்யவில்லையே! அன்று சாயங்காலமே போய், கடையில் நான்கு பேர் நிற்கும்போது, பழைய செல்லைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சத்தம் போட்டேன். பையன் பதில் பேசவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நானும் வாங்கிக்கொண்டேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். வயதான மிஸ்திரி ஒருவர் செல்லை மீட்டரில் வைத்துப் பார்த்தார். மூன்று வோல்ட்டுக்கு மேலேயே இருந்தது. வீட்டிலிருந்த இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்தேன். அதுவும் திறக்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வண்டியில் சமீபத்தில் புதுசாக என்ன மாட்டினீர்கள்?"

இரண்டு மாதம் முன்னால் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததென்று முன் கண்ணாடியில் ஒரு கேமரா மாட்டியிருந்தேன். வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்க வேண்டுமென்று அதன் அடாப்டரை ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து நேராகவே இணைத்திருந்தார்கள். மிஸ்திரி அந்த ஒயரை உருவினார். ரிமோட்டை அமுக்கினார். டிக்! இருபது அடி தள்ளிப் போய் அமுக்கினார். டிக்! மறுபடி ஒயரைச் சொருகினார். கார் செவிடாகிவிட்டது.

செல்லும் சரி, ரிமோட்டும் சரி, பையனும் சரி. நான் காசு கொடுத்து வாங்கிய அடாப்டர்தான் குற்றவாளி.

நான் பி.காம். ஃபிஸிக்ஸை ப்ளஸ் டூவோடு மூட்டை கட்டியவன். ஆனால் வங்கிக்காரன் குணம் ஒன்று உண்டு. கணக்கு ஒரு ரூபாய் இடித்தால், எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் தூக்கம் வராது. ஒரு கேமரா ஒயர் எப்படிக் கார் சாவியின் வாயை அடைக்கும்? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதை கடைசியில் என் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வந்து நின்றது.

டல்ஹவுசி சதுக்கத்திலிருந்து ஹைகோர்ட் பக்கம் நடந்தால், பெரிய தூண்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம் வரும். கல்கத்தா டவுன் ஹால். 1895ல் அங்கேதான் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு வேடிக்கை காட்டினார். ஒரு பக்கம் மின்பொறியைத் தட்டி அலைகளை எழுப்பினார். அவை சுவரைத் தாண்டிப் போய், தூரத்தில் இருந்த ஒரு மணியை அடிக்க வைத்தன, கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்க வைத்தன. இரண்டுக்கும் நடுவே ஒயர் கிடையாது. யோசித்துப் பாருங்கள், ஒரு இடத்தில் அமுக்கினால் இன்னொரு இடத்தில் ஏதோ நடக்கிறது. நம் கார் ரிமோட் செய்வதும் இதைத்தானே! மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட அலைகளை அவர் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்தார் என்பதற்காக, 2012ல் ஐஈஈஈ என்ற உலகப் பொறியாளர் அமைப்பு அந்த ஆய்வை மைல்கல்லாக அறிவித்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. அலையை எழுப்ப அவர் பயன்படுத்தியது மின்பொறி. அவருக்கு முன்னால் 1880களின் கடைசியில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை நிரூபித்ததும் மின்பொறியால்தான். மார்க்கோனி கம்பியில்லாத் தந்தி அனுப்பியதும் அதே பொறியால்தான். அதாவது மின்சாரம் எங்கே சடக்கென்று தாவுகிறதோ, சட்டென்று நின்று மறுபடி ஓடுகிறதோ, அங்கே ரேடியோ அலை பிறக்கும். நாம் கேட்டாலும் பிறக்கும், கேட்காவிட்டாலும் பிறக்கும். நாம் கேட்டுப் பிறந்தால் அதற்குப் பெயர் செய்தி. கேட்காமல் பிறந்தால் இரைச்சல். இரண்டுக்கும் தாய் ஒருத்திதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். சின்ன வயதில் ஊரில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் ஓடும்போது தெருவில் ஒரு மொபெட் போனால் திரை முழுக்கப் புள்ளியும் கோடுமாக வருமே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா சிலோன் ரேடியோ கேட்கிற நேரத்தில் அடுப்படியில் மிக்ஸி ஓடினால் "கர்ர்ர்" என்று கத்துமே? டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தால் அதற்கேற்ற தாளத்தில் ரேடியோ இருமுமே? மொபெட்டின் ஸ்பார்க் பிளக், மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ், டியூப்லைட் ஸ்டார்ட்டர் எல்லாவற்றிலும் இருப்பது பொறிதான். போஸ் டவுன் ஹாலில் செய்ததை நம் அடுப்படி மிக்ஸியும் தெரியாமல் செய்துகொண்டிருந்தது.

பொறியில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. அது ஒரே சுருதியில் பாடாது. எல்லாச் சுருதியிலும் ஒரே நேரத்தில் கத்தும். ஒரு கப்பல் பொறி ரேடியோவில் தந்தி அடித்தால் பக்கத்துக் கப்பல்காரனுக்குக் காதே கிழியும். 1912 ஏப்ரல் 14 ராத்திரி நடந்தது அதுதான். டைட்டானிக்குக்குப் பக்கத்தில் இருந்த கலிஃபோர்னியன் கப்பலின் ரேடியோக்காரர், நாங்கள் பனிக்கட்டிகளுக்கு நடுவில் நின்றுவிட்டோம் என்று தந்தி அனுப்பினார். டைட்டானிக்கின் ரேடியோக்காரர் அந்த நேரம் கேப் ரேஸ் என்ற கரை நிலையத்தோடு பயணிகளின் சொந்தத் தந்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார். கிட்டத்திலிருந்து வந்த பலமான ஓசை அவர் வேலையைக் கெடுத்தது. வாயை மூடு, நான் வேலையாக இருக்கிறேன் என்கிற மாதிரி பதில் அடித்துவிட்டார். அவரும் தன் பெட்டியை மூடிவிட்டுப் படுக்கப் போனார். அதற்குக் கொஞ்ச நேரத்தில், 11.40க்கு, டைட்டானிக் மோதியது.

மறுநாள் இன்னொரு கூத்து. கரையில் இருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உட்பட ஆளாளுக்குப் பேசியதில், வேறு வேறு செய்திகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பயணிகள் எல்லோரும் பத்திரம், கப்பலை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்துவருகிறார்கள் என்று பேப்பர்களில் வந்தது. உண்மையில் கப்பல் கடலுக்கடியில் கிடந்தது. 1500 பேர் போய்விட்டார்கள்.

அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்காவில் ரேடியோ சட்டம் வந்தது. யார் எந்த அலைவரிசையில் பேசலாம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். லைசென்ஸ் இல்லாமல் பேசக்கூடாது என்றார்கள். 1927ல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு பொறி ரேடியோக்களையே படிப்படியாக ஒழிக்க முடிவெடுத்தது. ரேடியோவைப் பெற்ற பொறியை ரேடியோ உலகத்திலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள்.

ஆனால் அதற்குள் பொறி வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு மோட்டார், தெருவுக்குத் தெரு டிராம், ஊர் முழுக்கக் கார். மக்கள் அப்போதுதான் பாட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நம் மெட்ராஸிலேயே 1924ல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு ஆரம்பித்தது. மூன்றே வருடத்தில் பணமில்லாமல் நின்றுபோய், அதன் கருவியை மாநகராட்சி வாங்கி 1930லிருந்து நடத்தியது. கல்கத்தாவில் 1927 ஆகஸ்டில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் நிலையம் வந்தது.

1930ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி விற்கப் பார்த்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டரோலா. அவர்களுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? அந்தக் காரின் என்ஜினேதான். ஒவ்வொரு பிளக்கும் பொறி விடும்போது ரேடியோ கத்தியது. பிளக் ஒயரில் தடை வைத்து, மின் பாதையில் கெபாசிட்டர் வைத்து, உலோக மூடி போட்டு, என்ஜினின் வாயைக் கட்டினால்தான் பாட்டுக் கேட்க முடிந்தது. வண்டிக்குள் மாட்டிய ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கெடுக்கும் என்ற பாடத்தை உலகம் அப்போதே படித்துவிட்டது. நான் படிக்க இன்னும் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆனது. :-)

இது ஒரு நாட்டுக்காரர் தனியாகத் தீர்க்கிற விஷயமில்லை. ஒரு நாட்டில் செய்த மோட்டார் இன்னொரு நாட்டில் ஓடுகிறது. ஆக 1934ல் சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு அமைந்தது. ரேடியோ இடையூறு பற்றிய சிறப்புக் குழு என்று பெயர். எந்தக் கருவி எவ்வளவு இரைச்சல் விடலாம், அதை எப்படி அளப்பது என்று வரம்பு போடுவதுதான் அதன் வேலை. இன்றைக்கும் அதுதான் செய்கிறது. வண்டி வெளி உலகத்துக்குத் தரும் தொந்தரவுக்கு சிஸ்பர் 12 என்று ஒரு தரம். வண்டிக்குள்ளேயே இருக்கும் ரேடியோ ஏற்பிகளைக் காப்பாற்ற சிஸ்பர் 25 என்று ஒரு தரம். கார் கம்பெனிகள் இதையெல்லாம் சோதித்துத்தான் வண்டியை வெளியே விடுகின்றன. அதன்பிறகு நாம் கடையில் வாங்கி மாட்டுகிற சாமானை யார் சோதிப்பது? அங்கேதான் ஓட்டை.

இப்போது சாவிக்கு வருவோம்.

1938ல் அமெரிக்காவில் ஃபில்கோ கம்பெனி, வீட்டு ரேடியோவைத் தூரத்திலிருந்து திருப்ப ஒயரில்லாத ஒரு பெட்டியை அறிமுகம் செய்தது. 'மிஸ்டரி கன்ட்ரோல்' என்று பெயர். அதே வருடம் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம், மிகக் குறைந்த சக்தியில் இயங்கும் சின்னக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விதி செய்தது. இன்றைக்கு அந்த விதியின் கீழ் வரும் கருவிகளின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனை இருக்கும். ஒன்று, இது பிறருக்குக் கெடுதலான இடையூறு தரக்கூடாது. இரண்டு, தனக்கு வருகிற இடையூறைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்துக்கு வாழப்போகிற பெண்ணுக்கு அந்தக் காலத்தில் சொன்ன புத்திமதி மாதிரி இருக்கிறது என்றார் தங்கமணி. நான் வாயே திறக்கவில்லை.

கார் கதவைத் தூரத்திலிருந்து திறக்கிற சாவி 1982ல் பிரான்சில் ரெனோ ஃபுயேகோ காரோடு வந்தது. கண்டுபிடித்தவர் பால் லிப்ஷுட்ஸ். அவர் பெயரைச் சுருக்கி அந்தச் சாவியையே 'ப்ளிப்' என்று பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு ரேடியோ சாவிகள் பெருகின. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ். நம் ஊர்க் கார்களிலும் 433.92 பரவலாக இருக்கிறது. ஒரு சின்ன மூன்று வோல்ட் பட்டன் செல்லில் ஓடுகிற கருவி. அது விடும் அலையின் சக்தி சில மில்லிவாட், அல்லது அதற்கும் கீழே. கூட்டத்தில் ஒருவர் காதோடு ரகசியம் சொல்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரகசியத்தை ஒட்டுக்கேட்டுத் திருடன் திருப்பிச் சொன்னால்? அதற்கும் வழி செய்தார்கள். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் என்ற முறை அதில் பிரபலமானது. 1995ல் மைக்ரோசிப் கம்பெனி அதை வாங்கியது. நம் பாஷையில் சொன்னால் அது ஒரு செக் புத்தகம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புது லீஃப். பாஸான லீஃப் மறுபடி வந்தால் கார் திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் தெரியாமல் பத்துத் தடவை வீட்டிலேயே அமுக்கினால் பத்து லீஃப் வீணாகும். அதனாலென்ன, அடுத்து வருகிற சில எண்களைக் கார் ஏற்றுக்கொள்ளும். பின்னாளில் ஆய்வாளர்கள் கீலாக்கை உடைத்தும் காட்டினார்கள், அது தனிக்கதை. எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் ஒன்று மட்டும் வேண்டும். செக் கவுண்டருக்கு வந்து சேர வேண்டும். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு கத்தினால், கணக்கில் எவ்வளவு பணம் இருந்தும் செக் பாஸாகாது.

அந்தக் கூச்சலைத்தான் என் அடாப்டர் போட்டது. காரில் வருவது 12 வோல்ட், கேமராவுக்கு வேண்டியது 5 வோல்ட். பழைய காலம் என்றால் மிச்சத்தை வெப்பமாக எரித்துவிடுவார்கள். இப்போது மின்சாரத்தை விநாடிக்குப் பல லட்சம் தடவை வெட்டி வெட்டிக் கொடுத்து 5 வோல்ட்டாக்குகிறார்கள். சிக்கனம், சூடும் கம்மி. ஆனால் ஒவ்வொரு வெட்டும் சடக்கென்று நிற்கிற, சடக்கென்று ஓடுகிற மின்சாரம். கண்ணுக்குத் தெரியும் பொறி இல்லையே தவிர, குணம் பொறியின் குணம்தான். அதன் எதிரொலிகள் மேலே மேலே ஏறி, சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கேமரா ஒயரே ஆன்டெனா மாதிரி நீண்டு, கண்ணாடி ஓரமாக, காரின் ரேடியோ காதுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இருபது அடி தூரத்து ரகசியத்தைக் கேட்கக் காத்திருக்கும் காதுக்கு ஒட்டி ஒருவன் ஓயாமல் கத்தினால் என்ன கேட்கும்?

இதை அடக்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஒரு கம்பிச் சுருள், ஒன்றிரண்டு கெபாசிட்டர், ஒயரில் ஒரு ஃபெரைட் உருளை. 1930ல் கால்வின் சகோதரர்கள் என்ஜினுக்குச் செய்த அதே வைத்தியம். மலிவுச் சாமான் செய்கிறவர் முதலில் கை வைப்பது இதில்தான். ஏனென்றால் அது இல்லாவிட்டாலும் கேமரா நன்றாகவே ஓடும். அந்தச் சாமானுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் வேறு யாருக்கோ. மிச்சம் பிடித்தவர் லெட்ஜரில் வரவு, செலவு இன்னொருவர் லெட்ஜரில். இரண்டு லெட்ஜரையும் ஒரே ஆள் பார்த்தால்தானே கணக்கு இடிப்பது தெரியும்! 1912 சட்டமும், 1934 குழுவும், பொடி எழுத்து நிபந்தனைகளும் இந்த இரண்டு லெட்ஜரையும் சேர்த்துப் பார்க்க மனிதர்கள் செய்த ஏற்பாடு. நிசப்தம் ஒரு பொதுச் சொத்து. ஊர்க் குளம் மாதிரி. ஒருவர் அழுக்குத் துணி அலசினால் எல்லோர் குடத்திலும் அழுக்கு.

இது என் ஒருவன் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒரு எச்சரிக்கை விட்டது. படகுகளில் மாட்டிய சில எல்ஈடி விளக்குகள் விஎச்எஃப் ரேடியோவையும், கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கருவியையும் கெடுக்கின்றன என்று. ஆபத்துக்குக் கூப்பிடும் ரேடியோ அது.

2019ல் ஒஹையோ மாநிலத்தில் க்ளீவ்லேண்ட் பக்கத்தில் நார்த் ஓம்ஸ்டட் என்ற ஊரில், சில தெருக்களில் மட்டும் கார் ரிமோட்டுகளும் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. ஊரில் விதவிதமான வதந்திகள். மின் கம்பெனி சில இடங்களில் கரண்டையே நிறுத்திப் பார்த்தது. அப்போதும் இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் ஒரு வீட்டில் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருவர், தான் கீழ்த்தளத்தில் வேலை செய்யும்போது மேலே யாராவது வந்தால் தெரிய வேண்டுமென்று தானே செய்த கருவி, 315 மெகாஹெர்ட்ஸில் விடாமல் அலை விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு பேட்டரியும் இருந்ததால் கரண்டை நிறுத்தியும் பயனில்லை. தெருவே தன்னால் தவிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்ன ஊர் நிர்வாகம் அவர் பெயரை வெளியிடவில்லை.

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் பதினெட்டு மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு இன்டர்நெட் படுத்துவிடும். கேபிளை எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். 2020ல் பொறியாளர்கள் விடிகாலை மழையில் அளவி எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிடித்தார்கள். ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடும் பழைய டிவி. உடைமைக்காரர் கூனிக் குறுகிப்போய், இனி அதைப் போடவே மாட்டேன் என்றார்.

இந்தக் கதைகளைப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்று. இரைச்சலுக்கு முகம் கிடையாது. முகம் தெரியாததால் நாம் முகம் தெரிந்த ஒருவனைப் பிடித்துக்கொள்கிறோம். வேறு கிராமம் என்றால் கேபிள்காரன், என் கதையில் கடைப் பையன்.

வெளியூரில் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, பட்ட அனுபவத்தில் சில வார்த்தை. ரிமோட் எட்டும் தூரம் திடீரென்று குறைந்தால், செல்லைக் குறை சொல்வதற்கு முன் இரண்டாவது ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டும் மக்கர் செய்தால் கோளாறு அநேகமாகக் காரிலோ சுற்றுப்புறத்திலோதான். வண்டியை வேறு இடத்துக்கு ஓட்டிப்போய்ப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் தொந்தரவு வெளியில். அங்கேயும் அப்படியே என்றால், பின்னால் மாட்டிய சார்ஜர், கேமரா, எல்ஈடி விளக்கு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, உருவ வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு தடவையும் ரிமோட்டை அமுக்கிப் பாருங்கள். முக்கியமாக, மடக்குச் சாவியால் கதவைத் திறந்து, அலாரத்தை அடக்கி, வண்டியைக் கிளப்புவது எப்படி என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரு தடவை காட்டிவையுங்கள். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கற்றுக்கொள்ளக்கூடாத பாடம் அது.

சரி, பையன் விஷயம். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் தங்கமணி கேட்டேவிட்டார்: "நாலு பேர் எதிர்ல திட்டினீங்க. மன்னிப்பு மட்டும் தனியா கேக்கப் போறீங்களா?"

சாயங்காலம் கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில், தப்பு என்னுடையது, உன் செல் நல்ல செல் என்று சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவன் வாங்கிக்கொண்டான். பிறகு, கோளாறு எங்கே இருந்தது என்று கேட்டான். சொன்னேன். ஒயரை உருவினதும் திறந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கடைக்கு வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரிமோட்டை வாங்கித் தானே ஒரு தடவை அமுக்கினான். டிக்.

சிரித்துக்கொண்டே, இதே மாதிரி சண்டை போட்ட இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், இனி அவர்களிடமும் வண்டியில் என்ன மாட்டினீர்கள் என்று கேட்கிறேன் என்றான்.

கார் முன் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, நான் ஏறியதும் கூடையிலிருந்து நாலு வெற்றிலையை எடுத்து நீட்டினார். "அந்தப் புள்ளைக்கு வீட்ல யாராச்சும் போடுவாங்களான்னு கேளுடா. நம்மூரு வெத்தலைன்னு சொல்லு."

டிஸ்கி: அந்தக் கேமரா இப்போது அலமாரியில் இருக்கிறது. ஃபெரைட் உருளை ஒன்று வாங்கி ஒயரில் மாட்டிப் பார்த்தேன். பத்து அடி வரை திறக்கிறது. மிச்சம் பத்து அடிக்கு நல்ல அடாப்டர்தான் வாங்க வேண்டும் என்றார் மிஸ்திரி. மலிவாகப் பார்க்காதீர்கள் என்றும் சொன்னார்.